சார்ஜர் வாங்கப் போய் குழி தோண்டிய கதை

ராத்திரி ஒன்றே முக்கால் மணி இருக்கும். "ஏய்யா, என்னமோ கருகுற வாடை அடிக்குது" என்று அம்மா வந்து எழுப்பினாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கருகல் வாடை ஒரு செய்தியே இல்லை. சுற்றிலும் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற பூமி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தலையணை உறையில்கூடப் புகை வாசம் இருக்கும். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். "மூட்டம் எனக்குத் தெரியாதா? இது மீன் கருகுற மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கு வீட்டில் மீனே வாங்கவில்லை. எழுந்து ஓடினேன்.

திண்ணைச் சுவரில் இருந்த பவர் பிளக்கில்தான் கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. வெள்ளை பிளேட் டீத்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. பிளக்கில் கை வைக்க முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டு, துண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். பிளக்கோடு சேர்ந்து சாக்கெட்டின் ஒரு துண்டும் வந்தது. பேக்லைட் வகைப் பிளாஸ்டிக் சூட்டில் கருகும்போது மீன் வாடை வரும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் மூக்கு படிக்காமலே சொன்னது.

கொஞ்சம் முன்கதை. நான் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டாவது சனியும் நான்காவது சனியும் எங்களுக்கு விடுமுறை. அந்த இரண்டு வாரமும் ஊருக்குப் போய்விடுவேன். காரியாபட்டி, அருப்புக்கோட்டை தாண்டி, பந்தல்குடியிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். வீட்டு வாசலிலிருந்து அம்மா வாசல் வரைக்கும் 75 கிலோமீட்டர். எங்களுடையது சின்ன எலெக்ட்ரிக் கார், பேட்டரி 24 கிலோவாட் அவர், அதாவது 24 யூனிட் கரண்ட் பிடிக்கும். விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும், ஏசி போட்டு நாலு வழிச்சாலையில் ஓட்டினால் எனக்குக் கிடைப்பது 180, 190 கிலோமீட்டர். போய்த் திரும்ப அது போதுமே என்று தோன்றும். போதாது. ஊருக்குப் போனதும் அம்மாவை அருப்புக்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், அப்படியே ஒரு கல்யாண வீடு, ஒரு விசேஷம். ராத்திரி வீட்டில் வண்டி நிற்கும்போது 30 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். அதனால் காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரை டிக்கியில் போட்டு எடுத்துப் போய் அங்கே சொருகுவேன். நாலு மாதம் இப்படித்தான் ஓடியது.

விடிந்ததும் ஊரில் பழைய எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டோம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒயரிங் பார்ப்பவர். போர்டைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, இதை யார் போட்டா?" என்றார்.

உள்ளே நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை ஒயர் போட்டிருந்தது.

யார் போட்டது என்று எனக்குத் தெரியும். கார் வாங்கிய புதிதில் முதல் முறை அங்கே சொருகியபோது சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் இல்லை என்று அர்த்தம். வேறொரு பையனைக் கூப்பிட்டேன். வந்தான், ஐந்து நிமிடத்தில் ஏதோ செய்தான், பச்சை விளக்கு எரிந்தது, நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். கெட்டிக்காரப் பையன் என்று அவனைப் பற்றி இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவன் செய்தது இதுதான். பேஸ் ஒயரில் கரண்ட் வரும், நியூட்ரலில் திரும்பிப் போகும், எங்காவது கசிந்தால் எர்த் அதை மண்ணுக்கு இறக்கும். பெட்டி தன் பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கும். எர்த் ஒயர் வெறுமனே தொங்கினால் வோல்டேஜ் ஒழுங்காக வராது, பெட்டி மறுத்துவிடும். நியூட்ரலைத் தூக்கி எர்த்தோடு முடிந்துவிட்டால் வோல்டேஜ் அழகாக வரும். பெட்டி ஏமாந்துவிடும். பெரியவர் விளக்கினார்: "கம்பத்துல நியூட்ரல் கம்பி அறுந்துச்சுன்னு வைங்க. வீட்டுக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சுக்கிட்டு இருந்தாப் போதும், அது வழியா வர்ற கரண்டு நியூட்ரல் ஒயர்ல நிக்கும். அங்கருந்து இந்தப் பச்சை ஒயர், அங்கருந்து உங்க கார் பாடி. டயரு ரப்பரு, கரண்டு தரைக்கு இறங்காது. வாசத் தெளிக்கிற கையோட யாராச்சும் காரைத் தொட்டா, அவுக வழியா இறங்கும்."

எங்கள் வீட்டில் விடியற்காலை வாசல் தெளிப்பது அம்மா. காரில் தூசி இருந்தால் அந்த ஈரக்கையாலேயே தடவி விடுவாள், மாட்டைத் தடவுகிற மாதிரி. நாலு மாதம். பல கிராமத்து லைன்களில் காற்றடித்தால் எந்தக் கம்பி எப்போது அறும் என்று சொல்ல முடியாது.

இணையத்தில் இதையே ஒரு குட்டி அடாப்டராக விற்கிறார்கள். 'எர்த் இல்லாத இடத்திலும் சார்ஜ் செய்யலாம்' என்று எழுதியிருக்கும். உள்ளே அநேகமாக அதே பச்சை ஒயர்தான். யாரும் அதை வாங்காதீர்கள். இந்தப் பதிவில் கோபமாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது ஒன்றுதான், அதைச் சொல்லிவிட்டேன்.

சாக்கெட் உருகியதற்குக் காரணம் வேறு. வீடு கட்டும்போது போட்ட பவர் பிளக் அது. பின்னால் ஓடுவது மூணு-இருபது ஒயர், அதாவது இருபதாம் நம்பர் கம்பி மூன்று இழை, இன்றைய கணக்கில் சுமார் 2 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). அதில் நாங்கள் அதுவரை ஓட்டியது கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும். கெய்சர் வைத்திருக்கும் வீடுகளில்கூட அது கால் மணி நேரம் ஓடும், தண்ணீர் சுட்டதும் அணையும். கார் அப்படி இல்லை. 14 ஆம்பியரை ஐந்து மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்து 0.1 ஓம் அளவுக்கு ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டால் போதும், 14 ஆம்பியரில் அந்த ஒரு இடத்தில் மட்டும் 20 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடி ராத்திரி முழுக்க எரிய விட்டதற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கருகியது சாக்கெட் மட்டுமல்ல, சார்ஜரின் பிளக்கும். கேபிளோடு வார்த்த பிளக் அது. வெட்டி வேறு பிளக் மாட்டித் தருவதாகப் பலர் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. நல்லவேளை, 80 சதவீதம் ஏறியிருந்தது. மதுரைக்குத் திரும்பி வந்தேன். இனி புதுப் பெட்டி வாங்க வேண்டும்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் முதலில் விசாரித்தேன். விற்பனைப் பையன் எடுத்த எடுப்பிலேயே 7.4 கிலோவாட் பெட்டியைத் தூக்கி மேஜையில் வைத்தான். "சார், இதுதான் இப்ப எல்லாரும் எடுக்கறாங்க. பாதி நேரத்துல ஃபுல்." என் காரில் எத்தனை கிலோவாட் என்று அவன் கேட்கவே இல்லை.

சார்ஜர் என்று நாம் சொல்லும் இந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே கிடையாது. வீட்டுக்கு வருகிற ஏசி (மாறுதிசை) கரண்டை பேட்டரிக்கான டிசியாக (நேர்திசை) மாற்றுகிற சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. என் காரில் அது 3.3 கிலோவாட். தீயணைப்பு வண்டிக் குழாயைக் கொண்டுவந்து வைத்தாலும் குடத்தின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போகும். 7.2 கிலோவாட் வாங்கிக்கொள்ளும் கார்களும் உண்டு. அவர்களுக்குக்கூட அந்த வேகம் 15 ஆம்பியர் பிளக்கில் வராது. 32 ஆம்பியர் இழுக்கத் தனி லைன், தடி ஒயர், நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் எல்லாம் வேண்டும். அதெல்லாம் போட்ட பிறகு அது 'போர்ட்டபிள்' என்பதற்குப் பெரிய அர்த்தமில்லை. சுவரிலேயே மாட்டிவிடலாம்.

அப்படியானால் பெட்டியின் வேலை என்ன? வாசல் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இருக்கிறதா பார்க்கும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும், 'இந்த வீட்டில் இவ்வளவுதான் எடுக்கலாம்' என்று காருக்குச் சொல்லும். கார் சரி என்ற பிறகுதான் உள்ளே இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் இணைந்து கரண்டை விடும். அதனால்தான் காரில் சொருகாமல் கையில் பிடித்திருக்கும்போது 'கன்' என்கிற அந்தக் கார்ப் பக்கத்து முனையில் கரண்ட் இருக்காது. அந்தப் பேச்சு நடப்பது பைலட் என்ற ஒற்றை ஒயரில். நொடிக்கு ஆயிரம் துடிப்பு ஓடும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு பங்கு 'ஆன்' என்பதுதான் செய்தி. பத்தில் ஒரு பங்கு என்றால் 6 ஆம்பியர். கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே என்றால் 16. கார் அதைக் கேட்டு அதற்குள் அடங்கி நடக்கும். சம்பளம் இவ்வளவுதான் என்று சொன்னதும் அதற்குள் குடும்பம் நடத்துகிற மனுஷி மாதிரி.

இது புரிந்த பிறகு நான் தேடியது கிலோவாட்டை அல்ல, அந்தச் செய்தியை மாற்றுகிற வசதியை. பெட்டியில் ஒரு பட்டன், அதை அமுக்கினால் 6, 8, 10, 13, 16 என்று ஆம்பியர் மாற வேண்டும். காரோடு வந்த பெட்டியில் அது இல்லை. சில கார்களில் திரையிலேயே குறைத்துக்கொள்ளலாம், என்னுடையதில் அதுவும் இல்லை.

ஏன் குறைக்க வேண்டும்? மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். ஊரில் எனக்கு ஏற்ற வேண்டியது 60 சதவீதம், அதாவது 14 யூனிட் சொச்சம். வழியில் வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 16, 17 ஓடும். 14 ஆம்பியரில் ஐந்தேகால், ஐந்தரை மணி நேரம். 10 ஆம்பியரில் ஏழரை மணி நேரம். நான் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை நிறுத்தினால் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எடுப்பேன். இருபது மணி நேரம் கார் வேப்ப மரத்தடியில் சும்மா நிற்கிறது. ஐந்து மணி நேரத்தில் முடித்துவிட்டு மிச்சம் பதினைந்து மணி நேரம் அது என்ன செய்யப்போகிறது? ஆனால் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். 14-லிருந்து 10-க்கு இறக்கினால் பிளக்கில், ஒயரில், மூட்டுகளில் எல்லாம் சூடு பாதியாகிவிடும். நேரம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, சூடு பாதி. இதைவிட மலிவான பாதுகாப்பு எங்கே கிடைக்கும்?

ஒரேயடியாக 6-க்கு இறக்குவதிலும் லாபமில்லை. சார்ஜ் ஆகும்போது காரின் எலெக்ட்ரானிக்ஸ் விழித்திருக்கும், அதற்கென்று நிலையாகக் கொஞ்சம் கரண்ட் போகும். நேரம் நீண்டால் அந்த வீண்செலவும் நீளும். எனக்கு 10 சரியாக இருக்கிறது. விருந்தாளியாகப் போகிற வீட்டில், ஒயரிங் எப்படியோ தெரியவில்லை என்றால் 8.

சரி, இரண்டு வாரம் நான்கு கடை, இணையத்தில் கணக்கில்லாத பக்கங்கள் பார்த்ததில் எனக்கு முக்கியம் என்று பட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கரண்ட் போய் வந்தால் பெட்டி என்ன செய்கிறது? எங்கள் ஊரில் ராத்திரியில் இரண்டு தடவையாவது கரண்ட் போகும். வந்ததும் தானாக மறுபடி ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பாதி பேட்டரியோடு முழிக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், ஆரம்பிக்கும்போது நான் வைத்த 10-லேயே ஆரம்பிக்க வேண்டும். சில பெட்டிகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு 16-க்குப் போய் நிற்கின்றன. எவ்வளவு மோசமான மறதி பாருங்கள், ஆள் தூங்கும்போது நடப்பது. கடையிலேயே சொருகி, 10 வைத்து, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் பெட்டி 16 காட்டியது. விற்பனைப் பையனே, "இது எனக்கே தெரியாது சார்" என்றான். இரண்டாவது 10-லேயே நின்றது. நான் வாங்கியது அதைத்தான்.

அடுத்தது, பிளக்குக்குள் சூடு பார்க்கும் சென்சார். எனக்கு நடந்ததைப் படித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் சென்சார் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். சூடாவது பெட்டி அல்ல, பிளக்கு. அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

கசிவுப் பாதுகாப்பு பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏசி கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர், டிசி கசிவுக்கு 6 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தால் நல்லது. டிசி ஏன் தனியாக என்றால், காருக்குள் டிசி இருக்கிறது, அது கசிந்தால் வீட்டில் இருக்கிற சாதாரண ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச்) மந்தித்துப்போய் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். கூடவே ஐஎஸ் 17017 அல்லது ஐஈசி 62752 என்ற தர எண் உண்டா பாருங்கள். அட்டைப்பெட்டியில் இல்லாமல் பெட்டியின் முதுகிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

கேபிள் நீளத்தைக் கடையில் யோசிக்காதீர்கள், வீட்டில் அளந்துவிட்டுப் போங்கள். பிளக்கிலிருந்து கார் வரைக்கும் நாலு மீட்டர் என்றால் ஐந்து மீட்டர் கேபிள் போதும் என்று தோன்றும். ஆனால் சார்ஜிங் வாய் எந்தப் பக்கம், காரை ரிவர்ஸில் விடுவீர்களா நேராக விடுவீர்களா என்பதற்கு ஒரு மீட்டர் ஓடிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே கூடாது. கல்யாண மண்டபத்தில் ஒயரைச் சுருட்டி வைத்த ரீலில் ஒருவர் காரைச் சொருகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சுருளுக்குள் சூடு போக வழியே இல்லை. அவரிடம் போய்ச் சொன்னேன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டைமர் வேண்டாம் என்று நினைத்தேன், இப்போது தினமும் கும்பிடுகிறேன். சாயங்காலம் தெரு முழுக்க டிவியும் கிரைண்டரும் ஓடுகிற நேரத்தில் அம்மா வீட்டில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது சொருகினால் பெட்டி லோ வோல்டேஜ் என்று முரண்டு பிடிக்கும். பதினோரு மணிக்கு ஆரம்பி என்று வைத்துவிட்டால் 230-க்குப் பக்கத்தில் நிம்மதியாக ஏறும்.

ஆப், புளூடூத், வைஃபை, வண்ணத் திரை எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. திண்ணையில் தொங்குகிற பெட்டியைப் பார்க்க எனக்கு ஆப் எதற்கு? இவற்றுக்காக நாலாயிரம் ஐயாயிரம் கூடக் கேட்கிறார்கள். மழைக்கு, தண்ணீர்த் தடுப்பைச் சொல்கிற நம்பர் ஐபி65-க்குக் குறையாமல் இருந்தால் போதும். அந்த நம்பரும் பெட்டிக்குத்தான், சுவர் சாக்கெட்டுக்கு அல்ல என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நான் கொடுத்தது பதினாலாயிரத்துச் சொச்சம். வாரண்டி இரண்டு வருஷம், ரிப்பேர் என்றால் மதுரையிலேயே பார்ப்பதாகச் சொன்னார்கள். இணையத்தில் இதைவிட மூவாயிரம் குறைவாக இருந்தது, ரிப்பேருக்கு வடக்கே கூரியர் போட வேண்டும். மூவாயிரத்தை விட்டுவிட்டேன்.

பெட்டி கைக்கு வந்துவிட்டது, சொருக இடம்தான் இல்லை. அடுத்த இரண்டாவது சனியன்று பெரியவரும் அவர் கையாளும் வந்தார்கள். மீட்டர் பக்கத்திலிருந்து நேராகத் தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழுகிற சுவிட்ச்), அதற்கு முன்னால் ஒரு ஆர்சிசிபி, புது சாக்கெட். இன்வெர்ட்டர் லைனோடு இதற்குச் சம்பந்தமே இருக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். அவர் இரண்டு முறையும், "எனக்குத் தெரியும் தம்பி" என்றார். ஈபியில் பதிந்திருக்கும் லோடு போதாது, கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

பிறகு எர்த். நம் பக்கம் ஈபி வீட்டுக்குக் கொடுப்பது பேஸும் நியூட்ரலும்தான், எர்த்தை அவரவர் வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா போட்ட எர்த் கம்பி மண்ணுக்குள் எப்போதோ துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. கொல்லையில் ஆளுயரத்துக்கு மேல் குழி. எட்டடி ஜிஐ பைப். சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு. கரிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மூட்டம் போடுகிறவரே ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, காசு வாங்காமல், "காருக்குள்ள கரி போட்டு ஓட்டப்போறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லாம் முடிந்ததும் பெரியவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட். புதுப் பெட்டியைச் சொருகினேன். பச்சை விளக்கு. இந்தத் தடவை நிஜப் பச்சை.

தை, மாசி வரை ஒரு குறையும் இல்லை. சித்திரையில் போனேன், மறுபடி சிவப்பு.

பெட்டி போய்விட்டது, வாரண்டி அட்டை எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, பெரியவர் போனிலேயே சிரித்தார். "கொல்லையில போய் மண்ணைப் பாருங்க." போய்ப் பார்த்தேன். எங்களுடையது கரிசல். மழையில் வெண்ணெய் மாதிரி ஒட்டும், கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பைப்பைச் சுற்றி மண் சுருங்கி விலகி, விரல் போகிற இடைவெளி. மண்ணைத் தொடாத எர்த் என்ன எர்த்? நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம், பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு வந்தது. மழைக்காலத்தில் எர்த் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்று சொல்லக் கூடாது, அக்னி நட்சத்திரத்தில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பென்டோனைட் என்ற களிமண் போட்டுச் செய்கிற கெமிக்கல் எர்த்திங் என்று ஒன்று இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அடுத்த கோடைக்குள் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். அதுவரைக்கும் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அந்தக் குழிக்குத்தான் போகிறது. வாய்க்கால் வெட்டியது அம்மா.

இந்தப் பெட்டியில் எனக்கு ஒரு குறை உண்டு. கனம். பிளக்கிலிருந்து ஒரு அடியில் பெட்டி இருப்பதால் அதன் பாரம் முழுக்கப் பிளக்கை இழுக்கும். நாளடைவில் பிடி தளரும், தளர்ந்தால் மீன் வாடை. அதனால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, பழைய பை வாரில் பெட்டியைத் தொங்க விட்டிருக்கிறேன். சொருகி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் சார்ஜை நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம், பில். அம்மா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்தான் ஓடும். முதல் 100 யூனிட் இலவசம், ஆகவே வருஷக்கணக்கில் அந்த வீட்டுக்குக் கரண்ட் பில்லே வந்ததில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு கௌரவம் உண்டு. இப்போது இரண்டு மாதத்தில் நான் நாலு தடவை போகிறேன், காருக்கு 65 யூனிட் சேருகிறது. முதல் முறையாக நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு பில் வந்தது. அதை நான் போனில் கட்டிவிட்டேன். மதுரையிலிருந்து நாலு தடவை போய் வருவதற்கு முன்பு பெட்ரோலுக்கு எவ்வளவு ஆனது என்று கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கிறதாக இல்லை.

"ஏய்யா, அந்த ஆம்பியரை இன்னும் கொஞ்சம் குறைச்சு வச்சா பில்லு வராதுல்ல?"

ஆம்பியர் குறைந்தால் நேரம்தான் கூடும், யூனிட் குறையாது என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ராத்திரி வாசல் லைட்டை அணைச்சிருதேன்" என்றாள்.